பரிசு போனது போகட்டும். பெயரும் போக வேண்டுமா?

வானத்தில் ஒரு நட்சத்திரம் இருக்கிறது. அதன் பெயர் "பிபா".

வெறும் கண்ணால் பார்த்தால் அது தெரியாது. தொலைநோக்கி வேண்டும். அவ்வளவு தூரத்தில் இருக்கிறது. அதன் ஒளி பூமிக்கு வந்து சேர 300 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது.

2019-ம் ஆண்டில் உலக வானியல் சங்கம் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு நட்சத்திரத்தை ஒதுக்கிக் கொடுத்தது. "இதற்கு நீங்களே பெயர் வையுங்கள்" என்றது. இந்தியாவில் பலர் பெயர்களை எழுதி அனுப்பினார்கள். ஒரு கல்லூரி மாணவர் எழுதி அனுப்பிய பெயர்தான் பிபா. பொதுமக்கள் ஓட்டுப் போட்டார்கள். பிபா வென்றது.

பிபா என்றால் வங்காளியில் ஒளிக்கதிர் என்று பொருள். அது ஒரு பெண்ணின் பெயரும் ஆகும்.

யார் அந்தப் பெண்?

அவர் மகாராணி அல்ல. நடிகை அல்ல. கட்சித் தலைவியும் அல்ல. அவர் ஒரு விஞ்ஞானி. அணுவை விடச் சிறிய துகள்களைத் தேடி, மலை உச்சிக்கும் சுரங்கத்துக்கும் ஆராய்ச்சியைக் கொண்டுபோனவர். முழுப் பெயர் பிபா சவுத்ரி.

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். சி.வி.ராமன் என்றால் தெரியும். ஹோமி பாபா என்றால் தெரியும். பிபா சவுத்ரி என்றால்? விழிப்பார்கள். பிள்ளைகளை விடுங்கள். அவர்களின் ஆசிரியர்களிலேயே பலர் விழிப்பார்கள்.

வானத்தில் இடம் பிடித்த பெயருக்கு, பிறந்த நாட்டின் மனதில் இடம் இல்லை. இது யார் குற்றம்?

வகுப்பில் ஒரே பெண்

பிபா சவுத்ரி 1913-ம் ஆண்டு கல்கத்தாவில் பிறந்தார். தந்தை டாக்டர். தாயார் பிரம்ம சமாஜத்தைச் சேர்ந்த குடும்பத்தில் வந்தவர். "ஆணைப் போலவே பெண்ணும் படிக்க வேண்டும்" என்ற கொள்கை உடையது பிரம்ம சமாஜம். ஆகவே அந்த வீட்டில் பெண் குழந்தைகளின் படிப்புக்குத் தடை இல்லை.

அந்தக் காலத்தை எண்ணிப் பாருங்கள். நாட்டில் பெரும்பாலான பெண்கள் கையெழுத்துப் போடக்கூடத் தெரியாமல் இருந்த காலம். பத்து, பன்னிரண்டு வயதில் பெண்ணுக்குக் கல்யாணம் முடித்துவிட்ட வீடுகள் ஏராளம்.

அந்தக் காலத்தில் பிபா பௌதிகம் படித்தார். இன்றைய பாடப் புத்தகங்களில் அதற்கு இயற்பியல் என்று பெயர். கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, 1936-ம் ஆண்டு எம்.எஸ்.சி. பட்டம் பெற்றார். அந்த வகுப்பில் அவர் ஒருவர்தான் பெண்.

பட்டம் வாங்கியதும் பலர் படிப்பை மூட்டை கட்டி வைத்துவிடுவார்கள். பிபா அப்படிச் செய்யவில்லை. ஆராய்ச்சியில் இறங்கினார்.

அவருக்கு வழிகாட்டியாக இருந்தவர் டி.எம்.போஸ். செடிகளுக்கும் உணர்ச்சி உண்டு என்று சொன்னாரே, ஜகதீச சந்திர போஸ், அவருடைய சகோதரி மகன். மாமா இறந்த பிறகு, அவர் கட்டிய போஸ் ஆராய்ச்சி நிலையத்தின் தலைவராக 1938-ல் பொறுப்பு ஏற்றவர். அங்கேதான் பிபாவின் பெரிய வேலை தொடங்கியது.

கண்ணுக்குத் தெரியாத மழை

அது என்ன வேலை?

வானத்தில் இருந்து ஒரு மழை ஓயாமல் பெய்துகொண்டிருக்கிறது. இரவிலும் பெய்கிறது. பகலிலும் பெய்கிறது. கோடையிலும் பெய்கிறது. ஆனால் யாரும் நனைவதில்லை. ஏனென்றால் அது தண்ணீர் மழை அல்ல. துகள் மழை.

உள்ளங்கையை விரித்துக் காட்டுங்கள். வினாடிக்கு ஒன்று என்ற கணக்கில் துகள்கள் அதைத் துளைத்துக்கொண்டு போகின்றன. வலி இல்லை. தழும்பு இல்லை. கூரையும் அவற்றைத் தடுப்பது இல்லை.

இந்த மழையைக் கண்டுபிடித்தவர் விக்டர் ஹெஸ் என்ற ஆஸ்திரிய விஞ்ஞானி. 1912-ல் பலூனில் ஏறி மேலே மேலே போய் அவர் இதை அளந்தார். இதற்குக் காஸ்மிக் கதிர்கள் என்று பெயர். விண்வெளியில் இருந்து வருகிற கதிர்கள். அவை காற்று மண்டலத்தில் மோதும்போது சிதறிப் பல புதிய துகள்கள் உண்டாகின்றன. அந்தத் துகள்களில் பல, பிறந்த வேகத்திலேயே இறந்து போகின்றன. ஒரு வகைத் துகளின் ஆயுள் எவ்வளவு தெரியுமா? ஒரு வினாடியை 10 லட்சம் கூறு போட்டால் அதில் இரண்டு கூறு!

இந்தத் துகள்களைப் பிடிப்பதில் ஏன் அவ்வளவு அக்கறை? அதற்கு ஒரு காரணம் இருந்தது.

அணுவின் நடுவில் கரு இருக்கிறது. கருவுக்குள் புரோட்டான்கள் இருக்கின்றன. எல்லாம் ஒரே வகை மின்சாரம் கொண்டவை. ஒரே வகை மின்சாரம் உள்ளவை ஒன்றையொன்று தள்ளும். அப்படியானால் அவை தெறித்து ஓட வேண்டாமா? ஓடவில்லையே! எது அவற்றைக் கட்டிப் போட்டிருக்கிறது?

1935-ல் ஜப்பான் விஞ்ஞானி யுகாவா ஒரு பதில் சொன்னார். "கருவுக்குள் பசை போல ஒரு துகள் வேலை செய்கிறது. அது எலெக்ட்ரானை விட ஏறத்தாழ 200 மடங்கு கனமாக இருக்கும்" என்பது அவருடைய கணக்கு. எலெக்ட்ரானை விடக் கனம். புரோட்டானை விட லேசு. இரண்டுக்கும் இடைப்பட்டது. ஆகவே இந்த வகைத் துகளுக்கு மெசான் என்ற பெயர் வந்தது.

காகிதத்தில் கணக்குப் போட்டாயிற்று. கண்ணால் பார்ப்பது எப்படி? உலகம் முழுவதும் விஞ்ஞானிகள் தேடினார்கள். அமெரிக்காவில் ஒரு துகள் அகப்பட்டது. "இதுதான் யுகாவா சொன்ன துகள்" என்று பலரும் நினைத்தார்கள். ஆனால் அதன் நடத்தை சரியாகப் பொருந்தவில்லை. குழப்பம் நீடித்தது.

அந்தக் குழப்பமான நேரத்தில்தான் கல்கத்தாவில் டி.எம்.போசும் பிபா சவுத்ரியும் தேடலில் இறங்கினார்கள்.

மலை மேல் கண்ணாடித் தகடு

அவர்களிடம் பெரிய இயந்திரம் இல்லை. கோடி ரூபாய்க் கருவி இல்லை. போட்டோ எடுக்கிற கண்ணாடித் தகடுகள் இருந்தன.

அந்தக் காலத்தில் படச்சுருளுக்குப் பதில் கண்ணாடித் தகட்டில் படம் எடுப்பார்கள். தகட்டின் மேல் வெள்ளி உப்பு கலந்த பூச்சு இருக்கும். ஒளி பட்டால் அது மாறும். துகள் ஊடுருவிப் போனாலும் மாறும். பிறகு மருந்து நீரில் கழுவினால், துகள் போன வழி நெடுகிலும் கருப்புப் புள்ளிகள் வரிசையாகத் தெரியும். மண் தரையில் எறும்பு போன தடம் போல!

தகட்டில் துகள்களின் தடத்தைப் பார்க்கும் முறையை வியன்னாவில் மரியட்டா பிளா என்ற பெண் விஞ்ஞானி முன்னதாகவே வளர்த்திருந்தார். கல்கத்தாவில் அதைக் கொண்டு துகளின் கனத்தை அளக்கப் பார்த்தார்கள்.

கடற்கரை ஊரில் தகட்டை வைத்தால் போதாது. கீழே வருவதற்குள் துகள் மழை பெரும்பாலும் வடிந்துவிடும். உயரமான இடம் வேண்டும். ஆகவே தகடுகள் இமயமலைக்குப் பயணம் போயின. டார்ஜிலிங், ஏறத்தாழ 7 ஆயிரம் அடி. சந்தக்பூ, ஏறத்தாழ 12 ஆயிரம் அடி. அங்கே அவற்றை மாதக்கணக்கில் வைத்திருந்து, பிறகு கல்கத்தாவுக்குக் கொண்டுவந்து கழுவினார்கள்.

அதன் பின்புதான் உண்மையான வேலை. தகட்டை மைக்ராஸ்கோப்புக்கு அடியில் வைத்து, ஒவ்வொரு மூலையாகத் தேட வேண்டும். ஒவ்வொரு புள்ளியாக எண்ண வேண்டும். ஒவ்வொரு வளைவாக அளக்க வேண்டும். மணிக்கணக்கில், நாள்கணக்கில், மாதக்கணக்கில் குனிந்த தலை நிமிராமல் செய்ய வேண்டிய வேலை.

புள்ளி வரிசையை வைத்துத் துகளின் கனத்தை எப்படிச் சொல்வது?

கல்லும் முள்ளும் நிறைந்த பாதையில் பாரம் ஏற்றிய மாட்டு வண்டி போகிறது. சிறு கல் இடறினாலும் வண்டி நேராகவே போகும். அதே பாதையில் ஒரு சிறுவன் சைக்கிள் விடுகிறான். ஒவ்வொரு கல்லுக்கும் சைக்கிள் வளையும். பாதையில் பதிந்த தடத்தைப் பார்த்தாலே, போனது வண்டியா சைக்கிளா என்று சொல்லிவிடலாம். துகளும் அப்படித்தான். கனமான துகள் நேராகப் போகும். லேசான துகள் வளைந்து வளைந்து போகும். அந்த வளைவை அளந்தால் கனத்தைக் கணக்கிடலாம்.

இந்த முறையில் போசும் பிபாவும் கணக்கிட்டார்கள். தகட்டில் தடம் பதித்த துகள்கள் பல, புரோட்டானை விட லேசானவை. சராசரியாக எலெக்ட்ரானைப் போல் ஏறத்தாழ 200 மடங்கு கனம் உள்ளவை என்று கண்டார்கள். 1940 முதல் 1942 வரை அவர்களுடைய கட்டுரைகள் லண்டனில் இருந்து வெளிவரும் "நேச்சர்" என்ற விஞ்ஞானப் பத்திரிகையில் அடுத்தடுத்து வெளிவந்தன. உலக விஞ்ஞானிகள் எல்லோரும் படிக்கும் பத்திரிகை அது.

அப்போது பிபாவுக்கு வயது முப்பதுகூட ஆகவில்லை.

யுத்தம் குறுக்கிட்டது

அவர்களிடம் இருந்தது சாதாரண ரகத் தகடு. அதில் எல்லாத் தடமும் தெளிவாக விழாது. இன்னும் கூர்மையான தகடு இருந்தால் சந்தேகத்துக்கு இடம் இல்லாமல் சொல்லிவிடலாம். அந்தத் தகடு வெளிநாட்டில் இருந்து வர வேண்டும்.

ஆனால் இரண்டாவது உலக யுத்தம் நடந்துகொண்டிருந்தது. நல்ல தகடு கிடைக்கவில்லை. ஆராய்ச்சி அந்த இடத்தில் நின்றது.

மூளை இருந்தது. உழைப்பு இருந்தது. மலை இருந்தது. தகடு இல்லை!

யுத்தம் முடிந்தது. இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்தில் செசில் பவல் என்ற விஞ்ஞானி இருந்தார். அவருக்கு அங்கேயே புதிய, கூர்மையான தகடுகள் கிடைத்தன. அவரும் அவருடைய கூட்டாளிகளும் அவற்றைப் பிரான்சிலும், தென் அமெரிக்காவில் உள்ள பொலிவியாவிலும் மலை மேல் வைத்தார்கள். 1947-ல் முடிவு தெரிந்தது.

துகள் ஒன்று அல்ல, இரண்டு! யுகாவா சொன்ன துகள் ஒன்று. அது சிதைந்து உண்டாகும் துகள் இன்னொன்று. முதலாவதை இன்று பயான் என்கிறார்கள். இரண்டாவதை மியுவான் என்கிறார்கள். அமெரிக்காவில் முன்பு அகப்பட்டது இரண்டாவது துகள். குழப்பம் தீர்ந்தது.

1949-ல் யுகாவாவுக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1950-ல் பவலுக்குக் கிடைத்தது. பவலுக்கு எதற்காகக் கொடுத்தார்கள்? போட்டோ தகட்டைக் கொண்டு ஆராயும் முறையை வளர்த்ததற்காகவும், அந்த முறையில் மெசான்களைப் பற்றிக் கண்டுபிடித்ததற்காகவும்.

பவல் திருடினாரா?

இந்தக் கதையைக் கேட்டதும் பலருக்குக் கோபம் வரும். "நம்முடைய பரிசை வெள்ளைக்காரன் தட்டிப் பறித்துவிட்டான்" என்று சொல்லத் தோன்றும்.

ஆத்திரப்படக் கூடாது. உண்மையைப் பார்க்க வேண்டும்.

பவல் திருடவில்லை. ஒரு துகள் இன்னொரு துகளாக மாறுவதைத் தகட்டில் கண்டு சொன்னவர்கள் பவலின் குழுவினர். கல்கத்தாத் தகடுகளில் அவ்வளவு தெளிவு இல்லை. போசும் பிபாவும் வீட்டு வாசல் வரை போனார்கள். கதவைத் திறந்தவர்கள் பிரிஸ்டல்காரர்கள். இதுதான் நேர்மையான கணக்கு.

இன்னொரு செய்தியும் உண்டு. பவல் 1959-ல் தம் கூட்டாளிகளுடன் சேர்ந்து ஒரு பெரிய புத்தகம் எழுதினார். போட்டோ தகட்டு முறையைப் பற்றிய புத்தகம். அதில் அவர் போசையும் பிபாவையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருக்கிறார். 1941-லேயே அவர்கள் இந்த வழியைக் காட்டியதையும், அவர்கள் முறையின் அடிப்படை சரியானது என்பதையும், தடத்தின் வளைவை வைத்து அளக்கும் முறையில் முதல் அடி எடுத்து வைத்தவர்கள் அவர்களே என்பதையும் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

பரிசு வாங்கியவர் மறக்கவில்லை. பரிசு வாங்காதவரின் சொந்த நாடு மறந்துவிட்டது!

ஆகவே பரிசு போனதைப் பற்றி அழுது பயன் இல்லை. அதற்கு யுத்தம் காரணம், வறுமை காரணம், அடிமை நாடாக இருந்ததும் காரணம். அவற்றை அப்போது யாரும் தடுத்திருக்க முடியாது. ஆனால் பெயர் போனதற்கு யார் காரணம்? அதற்கு யுத்தத்தின் மேல் பழி போட முடியாது. வெள்ளைக்காரன் மேலும் பழி போட முடியாது.

தகடு நின்றது, அவர் நிற்கவில்லை

பிபா அம்மையார் மூலையில் உட்கார்ந்து கண்ணீர் விடவில்லை. யுத்தம் முடிந்த காலத்தில் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். மான்செஸ்டர் நகரில் பிளாக்கெட் என்ற விஞ்ஞானியின் ஆராய்ச்சிக்கூடத்தில் சேர்ந்தார். பிளாக்கெட்டுக்கு 1948-ல் நோபல் பரிசு கிடைத்தது. அப்படிப்பட்டவரின் கூடத்தில், காஸ்மிக் கதிர்கள் கொத்துக் கொத்தாகப் பொழிவதைப் பற்றி ஆராய்ந்து, பிபா டாக்டர் பட்டம் பெற்றார்.

அந்த ஊர்ப் பத்திரிகை ஒன்று அவரைப் பேட்டி கண்டு கட்டுரை வெளியிட்டது. பௌதிகம் படித்த பெண்கள் இவ்வளவு குறைவாக இருப்பது பெரிய சோகம் என்று அதில் அவர் வருத்தப்பட்டார். தம்மைப் பற்றிப் பெருமை பேசிக்கொள்ளாமல், வராத மற்றப் பெண்களைப் பற்றிக் கவலைப்பட்டார்.

1949-ல் நாடு திரும்பினார். பம்பாயில் ஹோமி பாபா அமைத்த டாட்டா ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். அந்த நிலையத்தின் முதல் பெண் ஆராய்ச்சியாளர் அவர்தான். பிறகு ஆமதாபாத்தில், விக்ரம் சாராபாய் நிறுவிய பௌதிக ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை செய்தார்.

கோலார் தங்க வயல் என்றால் பல தமிழ்க் குடும்பங்களுக்குத் தாத்தாவின் நினைவு வரும். ஆயிரக்கணக்கான தமிழர்கள் சுரங்க வேலைக்குப் போன ஊர் அது. அதே சுரங்கத்தில் விஞ்ஞானிகளும் இறங்கினார்கள். தங்கம் தேட அல்ல. மற்றத் துகள்களை எல்லாம் தடுத்து நிறுத்தும் கனத்த பாறை அவர்களுக்குத் தேவைப்பட்டது. அந்தப் பாறையையும் துளைத்து வரும் நியூட்ரினோ என்ற துகளை 1965-ல் அங்கே கண்டார்கள். அது உலகப் புகழ் பெற்ற ஆராய்ச்சிக் களம். கோலாரில் நடந்த காஸ்மிக் கதிர் ஆராய்ச்சிகளில் பிபா அம்மையாருக்கும் பங்கு உண்டு. மலை உச்சியில் தொடங்கிய தேடல், பூமியின் அடி ஆழம் வரை போயிற்று.

கடைசிக் காலத்தில் கல்கத்தாவுக்குத் திரும்பினார். அங்கும் ஓயவில்லை. சாகா அணு ஆராய்ச்சி நிலையத்தாருடன் சேர்ந்து வேலை செய்தார். முதுமையிலும் கட்டுரைகள் எழுதினார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1991-ம் ஆண்டு ஜூன் 2-ந் தேதி காலமானார்.

ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் விஞ்ஞானத்துக்கு உழைத்தவர். அவருக்கு நாடு என்ன கொடுத்தது? நாட்டின் மூன்று பெரிய விஞ்ஞானக் கழகங்கள் இருக்கின்றன. மூன்றில் ஒன்றுகூட அவரை உறுப்பினர் ஆக்கவில்லை. பெரிய விருது எதுவும் வரவில்லை. 2018-ல் இரண்டு ஆராய்ச்சியாளர்கள் பழைய தாள்களைத் தேடி எடுத்து, அவருடைய வரலாற்றைப் புத்தகமாக எழுதினார்கள். அதன் பிறகுதான் பெயர் வெளியே தெரியத் தொடங்கியது. அவர் இறந்து அப்போது 27 ஆண்டு ஆகிவிட்டது.

ஏன் மறந்தார்கள்?

"பரிசு வாங்காத விஞ்ஞானிகள் எத்தனையோ பேர். எல்லோர் பெயரையும் ஞாபகம் வைத்துக்கொள்ள முடியுமா?" என்று சிலர் கேட்கலாம்.

நியாயமான கேள்வி. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒருவர் பெயர் மறந்து போவது வேறு. ஒரு வகையைச் சேர்ந்தவர்களின் பெயர்களே மறந்து போவது வேறு. வியன்னாவில் இந்தத் தகட்டு முறையை வளர்த்த மரியட்டா பிளாவுக்கும் நோபல் பரிசு இல்லை. அவரையும் உலகம் வெகு காலம் மறந்திருந்தது. ஒன்று என்றால் தற்செயல். இரண்டு, மூன்று என்று வந்தால் அது பழக்கம்.

அந்தப் பழக்கம் எங்கே தொடங்குகிறது? வீட்டில் தொடங்குகிறது.

ஆணும் பெண்ணும் சேர்ந்து வயலில் உழைக்கிறார்கள். விளைந்த நெல்லை "அவன் அறுத்த நெல்" என்கிறார்கள். கடையில் கணவனும் மனைவியும் சேர்ந்து உட்காருகிறார்கள். பெயர்ப் பலகையில் கணவன் பெயர் மட்டும் இருக்கிறது. ஆராய்ச்சிக்கூடத்திலும் அதே கண்தான். ஆணும் பெண்ணும் சேர்ந்து செய்தால், ஆண் விஞ்ஞானி, பெண் உதவியாள்! கட்டுரையில் இரண்டு பெயர் அச்சாகி இருக்கும். படிப்பவர் மனதில் ஒரு பெயர்தான் நிற்கும்.

"அப்படியானால், பெண் என்பதற்காகச் சலுகை காட்ட வேண்டுமா?" என்று வேறு சிலர் கேட்கலாம்.

வேண்டாம்! சலுகை வேண்டவே வேண்டாம். கணக்குப் போதும். இன்ன வேலையை இன்னார் செய்தார் என்று சரியாக எழுதி வைத்தால் போதும். டி.எம்.போசின் பெருமையில் ஒரு துளியும் குறைக்க வேண்டாம். அவருடைய பெயர் எங்கெங்கே வருகிறதோ, அங்கங்கே பக்கத்தில் பிபாவின் பெயரும் வரட்டும். "நேச்சர்" பத்திரிகையில் இரண்டு பெயரும் சேர்ந்துதானே வந்தன?

செய்ய வேண்டியது என்ன?

செய்ய வேண்டியது மலையைப் பெயர்க்கிற காரியம் அல்ல.

முதலாவது, பாடப் புத்தகம். துகள்களைப் பற்றிய பாடத்தில் யுகாவா பெயர் வருகிறது. பவல் பெயர் வருகிறது. அவற்றுக்கு நடுவே ஒரே ஒரு வரி சேர்த்தால் போதும்: "இதே முறையில் முன்னதாகவே கல்கத்தாவில் டி.எம்.போசும் பிபா சவுத்ரியும் ஆராய்ந்தனர்." ஒரு வரியால் புத்தகம் கனத்துவிடாது. ஆனால் அந்த ஒரு வரியைப் படிக்கிற ஒரு சிறுமியின் மனம் நிமிரும். "இந்த வழியில் முன்பே ஒரு பெண் போயிருக்கிறாள்" என்று தெரிந்தால், அடுத்தவளுக்குப் பயம் பாதி போய்விடும்.

இரண்டாவது, தகடு. பிபா தோற்றது அறிவில் அல்ல, தகட்டில். இன்றும் எத்தனையோ பள்ளிக்கூடங்களில் அறிவுள்ள பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனால் சோதனைக்கூடத்தில் மைக்ராஸ்கோப் இல்லை. இருந்தாலும் "உடைந்துவிடும்" என்று அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறார்கள். பூட்டிய கருவியும் இல்லாத கருவியும் ஒன்றுதான். கட்டிடம் திறப்பதில் காட்டுகிற அக்கறையில் கால் பங்கு, பிள்ளைகளின் கையில் கருவி கொடுப்பதிலும் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் நாளைக்கும் வாசல் வரை போகிறவர்கள் நம் பிள்ளைகளாகவும், கதவைத் திறக்கிறவர்கள் வேறு யாராகவும் இருப்பார்கள்.

மூன்றாவது, வீடு. "பெண்ணுக்கு எதற்கு இவ்வளவு கணக்கு?" என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. மகள் கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கினாலும், "மேலே படிக்க வெளியூர் போக வேண்டுமே!" என்று தயங்குகிற வீடுகள் இருக்கின்றன. இன்று கல்லூரிகளில் பெண்கள் திரளாகப் படிக்கிறார்கள். சந்தோஷம்தான். ஆனால் பட்டத்தோடு நின்றுவிடாமல் ஆராய்ச்சிக்கும் போக வேண்டும். அதற்குப் பெற்றோரின் மனம் துணை நிற்க வேண்டும். 1936-ம் ஆண்டில் கல்கத்தாவில் ஒரு டாக்டர் வீட்டில் முடிந்தது, இன்று நம் வீட்டில் முடியாதா?

குனிந்து பார்ப்பவருக்குத் தெரியும்

கல்கத்தாவில் பிபா பார்த்த தகடுகளில் தடம் பளிச்சென்று தெரிந்ததில்லை. அவசரமாகப் பார்ப்பவருக்கு அது அழுக்குக் கண்ணாடி. பொறுமையாகக் குனிந்து பார்த்தவருக்கு, அதிலே விண்வெளியில் இருந்து வந்த செய்தி இருந்தது.

அவருடைய வாழ்க்கையும் அப்படித்தான். பழைய பத்திரிகைகளிலும் பழைய தாள்களிலும் அவர் போன தடம் இருந்துகொண்டே இருந்தது. யாரும் குனிந்து பார்க்கவில்லை. இரண்டு பேர் பார்த்தார்கள்; புத்தகம் வந்தது. ஒரு மாணவர் பெயர் எழுதிப் போட்டார், நட்சத்திரம் கிடைத்தது. பெரிய கழகங்கள் செய்யாததை ஒரு மாணவர் செய்துவிட்டார்!

இன்று இரவு சாப்பாட்டு நேரத்தில் வீட்டுப் பிள்ளைகளிடம் கேளுங்கள்: "பிபா சவுத்ரி யார், தெரியுமா?" தெரியாது என்பார்கள். சொல்லிக் கொடுங்கள். மலை மேல் கண்ணாடித் தகடு வைத்த கதையைச் சொல்லுங்கள். வண்டித் தடமும் சைக்கிள் தடமும் சொல்லுங்கள். அந்தக் கதையைக் கேட்ட பெண் குழந்தை எதை நினைத்துக்கொண்டு தூங்கப் போகிறாளோ, யார் கண்டது?

பரிசு போனது போகட்டும். அது இனித் திரும்பி வராது. ஆனால் பெயர் போகவில்லை, மறைந்துதான் இருக்கிறது. அதை எடுத்துப் பிள்ளைகளுக்குச் சொல்வதற்குக் காசும் வேண்டாம். யார் அனுமதியும் வேண்டாம்.